பேர் இல்லாத முகங்கள்: ஜூலியா மார்கரட் கமரூனும் நமது மலைகளும்

கோல்புறூக் – கமரூன் என்ற இரட்டைப் பெயரை இலங்கையில் பள்ளிக்கூடம் போன யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராஜகாரியம் ஒழிப்பு, ஐந்து மாகாணங்கள், 1833இல் சட்டநிரூபண சபை என்று சாதாரண தரப் பரீட்சைக்காக நாமெல்லாம் உருப்போட்ட வரிசை அது. அந்தக் கமரூனின் மனைவி உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். அவருடைய கல்லறை நமக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கிறது. இந்த இரண்டு செய்திகளும் நான் பார்த்த எந்தச் சரித்திரப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

லிந்துலையில் இருக்கிற நமக்கு அந்த அம்மாவோடு இன்னுமொரு சொந்தமும் உண்டு. லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை எல்லாம் அடங்கிய இந்தப் பள்ளத்தாக்குக்கு திம்புள்ள என்று பெயர். தேயிலைப் பெட்டிகளில் 'டிம்புல' என்று அச்சாகி உலகம் சுற்றுகிற பெயர். சார்ள்ஸ் ஹே கமரூனுக்கு இங்கே கோப்பித் தோட்டம் இருந்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு அந்தத் தோட்டத்தின் ஞாபகமாக 'டிம்போலா' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அந்த வீடு அதே பெயரோடு ஒரு நூதனசாலையாக இருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரூனின் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவை அந்த வீட்டில் எடுக்கப்பட்டவை.

அவர் பிறந்தது கல்கத்தாவில், 1815இல். கமெராவைக் கையில் எடுத்தது 1863 டிசம்பரில், அதாவது 48ஆவது வயதில். மகளும் மருமகனும் கொடுத்த அன்பளிப்பு அது. கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக மாற்றினார், நிலக்கரி போட்டுவைக்கிற அறையை இருட்டறையாக்கினார். அந்தக் காலத்துப் படப்பிடிப்பு லேசுப்பட்ட வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன்பே கழுவியும் முடிக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கை கறுத்துவிடும், உடுப்பும் பழுதாகிவிடும்.

இனி உடலைப் பற்றிய விஷயத்துக்கு வருவோம். அந்நாளைய ஸ்டுடியோக்காரர்கள் ஆளை முழுசாக நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு தூண், ஒரு திரைச்சீலை, ஒரு பூச்சாடி. சப்பாத்து வரைக்கும் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஜூலியா அம்மையார் கிட்டே போனார். பக்கத்திலிருந்த சாமான்களை எல்லாம் நீக்கிவிட்டு, பின்னணியைக் கறுப்பாக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சத்தை விட்டார். முகம் இருட்டுக்குள்ளிருந்து மேலெழுந்து வருவது போலத் தெரியும். 1866 அளவில் அவர் பயன்படுத்திய தகடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். தகட்டின் அளவுதான் படத்தின் அளவு என்பதால் முகம் ஏறக்குறைய நிஜ அளவிலேயே வந்தது. கூர்மை இல்லை, மங்கல், தகட்டில் விரலடையாளம் என்றெல்லாம் புகைப்படச் சங்கத்துக்காரர்கள் கேலி பண்ணினார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த மங்கலுக்காகத்தான் இன்றைக்கு நாம் அவரைத் தேடிப் பார்க்கிறோம்.

யாரையெல்லாம் எடுத்தார்? கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹேர்ஷல், சார்ள்ஸ் டார்வின் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வீட்டு வேலைக்காரப் பிள்ளைகள். மேரி ஹிலியர் என்ற பணிப்பெண் எத்தனையோ படங்களில் ஈஸா நபியின் தாயார் மர்யமாக உட்கார்ந்திருக்கிறார். மேரி ரயன் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மகள். கமரூன் வீட்டில் வளர்ந்தவர். அந்தப் பிள்ளையின் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து அவரை மணந்த ஹென்றி கொட்டன், பிற்காலத்தில் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவரானார் என்பது உபரித் தகவல். நான் கவனிக்கிறது வேறொன்றை. டார்வினின் முகத்துக்குக் கொடுத்த அதே இருட்டு, அதே வெளிச்சம், அதே நெருக்கம் பணிப்பெண்ணின் முகத்துக்கும் கிடைத்தது. அவர்கள் வேறு பாத்திரம் ஏற்று நின்றாலும், இன்னார் என்ற பெயர் குறிப்புகளில் தங்கிவிட்டது.

ஒரு கலைஞர் எடுத்த பல நூறு படங்கள் எப்படி ஒரே படைப்பாக நிற்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய ஆட்கள் வேறு வேறு, கதைகளும் வேறு வேறு. ஆனால் உடலைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த முகத்துக்கு எவ்வளவு கிட்டே போகலாம்? அதோடு அவர் கணக்கிலும் கெட்டிக்காரி. 1864 முதலே படங்களைப் பதிப்புரிமைக்குப் பதிந்து வந்தார். 500க்கும் மேற்பட்டவை அப்படிப் பதிவாகியிருக்கின்றன. உருவப்படங்கள், மர்யம் தொகுதிகள், கற்பனைக் காட்சிகள் என்று மூன்றாகப் பிரித்தார். கையால் ஒழுங்குபடுத்திய அல்பங்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். 1865இலேயே லண்டனில் சவுத் கென்சிங்டன் நூதனசாலை அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. வரிசைப்படுத்தாமல் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தால் அவ்வளவும் வெறும் தனித்தனிக் கண்ணாடிதான்.

1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. தோட்ட வருமானத்தை நம்பியிருந்த குடும்பம் ஏற்கனவே கடனில். பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள். 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கே குடிவந்துவிட்டார்கள். களுத்துறையில் கடலோரத்தில் ஒரு வீடு, மலைநாட்டில் தோட்டம் என்று போய் வந்து வாழ்ந்தார்கள். இந்த வெக்கையில் கொலோடியனோடு மாரடிப்பது கஷ்டம், வேண்டிய ரசாயனங்களும் இலகுவில் கிடைக்காது. ஆகவே அவர் இங்கே எடுத்ததில் இன்று எஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு.

அந்தச் சிலதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். தாவர ஓவியர் மரியன் நோர்த் 1877இல் களுத்துறை வீட்டில் தங்கியிருந்து, பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். அம்மையாருக்கு உள்ளூர்க்காரர் ஒருவருடைய முதுகு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். அப்படியொரு அழகான முதுகு! அந்த ஆளைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அவருக்குத் தோட்டமும் கிடையாது, அந்த மனுஷனுக்கு அந்த வேலை என்னவென்றும் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். படிக்கிற எனக்குச் சிரிப்பும் வந்தது, உறுத்தலும் இருந்தது. இங்கிலாந்தில் முகத்தைத் தேடிப்போனவர் இங்கே முதுகைக் கண்டார். முதுகுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

1878இல் எடுத்த ஒரு படம் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று அறியப்படுகிறது. அதன் குறிப்பில் பிள்ளைக்கு வயது 12 என்று இருக்கிறது. கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்வதாக இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயர் எழுதப்படவில்லை. இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அதே காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஸ்டுடியோக்கள் 'தமிழ்க் கூலிப் பெண்' என்ற மாதிரித் தலைப்போடு ஆட்களை இன வகையாக விற்றுக்கொண்டிருந்தன. அவற்றோடு வைத்துப் பார்த்தால் அம்மையாரின் படங்களில் இருக்கிறவர்கள் மனுஷர்களாகத் தெரிகிறார்கள். களைப்பு தெரிகிறது, கூச்சம் தெரிகிறது. ஆனாலும் அவருடைய பெரிய தொகுப்பில் இந்த முப்பது படங்கள் மட்டும் சேர்ந்தும் சேராமலும் நிற்பதற்குக் காரணம் வெக்கையும் ரசாயனமும் மட்டுமல்ல என்பது என் அபிப்பிராயம். 1879 ஜனவரியில் அவர் பொகவந்தலாவைப் பக்கத்தில் காலமானார். அடுத்த வருஷம் கணவரும்.

பிறகு கோப்பி போய் தேயிலை வந்தது, அஞ்சலட்டை வந்தது, சுற்றுலாச் சுவரொட்டி வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் உடல் இலங்கையிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட உடல்களில் ஒன்றாகியிருக்கும். கூடை, சேலை, சிரிப்பு, பின்னால் பச்சை மலை. எப்போதும் காலையில், எப்போதும் தூரத்திலிருந்து. மட்டக்கம்பு தெரியாது, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு தெரிந்தாலும் அதன் ஈரம் தெரியாது, கூடைக்கயிறு மாட்டி மாட்டி நெற்றிக்கு மேலே விழுந்த தடம் தெரியவே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். எடை காணாவிட்டால் "இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க" என்பார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது பேர், செக்ரோலில் பேர். பேரை வைத்தே வாழ்க்கை நடக்கிற சனத்துக்குப் படத்தின் அடியில் பேர் இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. ஹட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் தேயிலையையும் தேநீர்ச் சாமான்களையுமே ஊடகமாக்கி மலையகப் பெண்ணின் வாழ்வைச் சொல்கிறார்கள். ஒரே பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் படைப்புகள் ஒன்றோடொன்று பேசுகின்றன.

எனக்கு முக்கியம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள். எல்லார் வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது, அதில் ஆயிரம் படம் இருக்கிறது. தமிழ்ப் பாட ஒப்படைக்காக "உங்கள் வீட்டில் உழைக்கும் ஒருவரைப் பற்றிப் படமும் எழுத்துமாகப் பன்னிரண்டு பக்கம்" என்று கொடுத்தேன். முதலில் வந்ததெல்லாம் சுவரொட்டிதான்: கூடை, சிரிப்பு, பச்சை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பார்த்து வளர்ந்த படம் அது. "ஒரு இடத்தைப் பிடி. கையென்றால் கை. ஒரே நேரத்தில் எடு, ஒரே தூரத்தில் நில், இரண்டு கிழமை எடு. பிறகு எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துப் பாதியை நீக்கு" என்றேன். நீக்குகிறதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அழகான படத்தை நீக்கச் சொன்னால் கண்ணில் தண்ணி வருகிறது. ஆனால் அந்த ஒரு அழகான சூரிய அஸ்தமனம் கையைப் பற்றிய பதினொரு பக்கத்தையும் கெடுத்துவிடும்.

எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல். "உம்மா படம் எடுக்க விட மாட்டாங்க, சேர்." உருவப்படம் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கே பேச எனக்குத் தகுதி இல்லை, வீட்டில் வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஆனால் படம் இல்லாமலும் உடலைக் கலையாக்கலாம் என்பதற்கு நம் இரண்டு மரபிலும் சாட்சி இருக்கிறது. தமிழில் அடி முதல் முடி வரை பாடும் பாதாதிகேசமும் முடி முதல் அடி வரை பாடும் கேசாதிபாதமும் உண்டு. பாடுகிறவர் உறுப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது, அந்த ஒழுங்கே பாட்டைக் கட்டி நிறுத்துகிறது. நபிகள் நாயகத்தின் (ஸல்) தோற்றத்தை ஹஸ்ரத் அலி (ரழி) சொன்ன வர்ணனை திர்மிதியின் ஷமாயிலில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லின் எழுத்தணிக் கலைஞர் ஹாபிஸ் உஸ்மான் அந்த வர்ணனையை ஒரு வட்டத்துக்குள் எழுதி ஹில்யா என்ற வடிவத்தை நிலைப்படுத்தினார். உருவமே இல்லை. சுவரில் தொங்குவது சொல்லால் ஆன திருமேனி. அந்த வட்டமும் வரிசையும் மாறாததால் முந்நூறு வருஷத்து ஹில்யாக்களையும் ஒரே குடும்பமாக அடையாளம் காண முடிகிறது.

இதைச் சொன்ன பிறகு ஒரு மாணவி தன் உம்மாவைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். சில்லறைக் கடை நடத்துகிற பெண். படமே இல்லை, தலைத்துணி நுனி முதல் குதிகால் வெடிப்பு வரை பக்கத்துக்கு ஓர் உறுப்பு. இன்னொரு பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை, அம்மாவின் கையை மட்டும் எடுத்தான். சாயக்கறை ஏறிய விரல், கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்த ஆட்காட்டி விரலின் ஓரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மஞ்சள் தெரிகிற உள்ளங்கை. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி போட்டு, அன்றைக்கு எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் படம் எதுவும் வைக்கவில்லை. அம்மாவின் முழுப் பெயரையும் தகப்பனாரின் முதலெழுத்தோடு பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவையே கையெழுத்துப் போட வைத்திருந்தான்.