இரத்தத்தின் காவலர்கள்

வலியசாலை வாழ் தமிழன்பர்கள் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காணும்போது, வெள்ளணுக்களின் மொத்தத் தொகையோடு அவற்றின் வகைகளையும் நோக்குதல் வேண்டும். அவ்வகைகளுள் பல, எலும்பு மஜ்ஜையில் ஒரே தாயணுவினின்று பிறப்பவை, தொழிலோ வேறுவேறு. கிருமியை முதலில் எதிர்ப்பது நியூட்ரோபில். நலமுற்றோரின் வெள்ளணுக்களில் பெரும்பகுதி இதுவே. மோனோசைட் திசுவுட் புகுந்து மேக்ரோபேஜாக மாறி, கிருமிகளையும் இறந்த அணுக்களையும் விழுங்குகிறது. இயோசினோபில் புழுக்களோடு பொருதுகிறது. இது மிகுந்திருப்பின் மருத்துவர் குடற்புழு, ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றை ஐயுறுவர்.

இக்காவலர் குலமே கட்டுமீறிப் பெருகினால் அது மைலாய்டு இரத்தப் புற்றுநோய். அதன் நாள்பட்ட வகைக்கு 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதன்பின் பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். இம்மருந்தின் புதிய வடிவுக்குக் கோரப்பட்ட காப்புரிமையை 2013-இல் நம் உச்ச நீதிமன்றம் மறுத்தது; அதனால் இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இதனைத் தொடர்ந்து விற்க வழி பிறந்தது. 1981-இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் இத்தகைய நோயாளர்களுக்குச் சிகிச்சை அளிக்கிறது.

உடல் தேறியதென்று எண்ணி, மருத்துவரைக் கேளாது மாத்திரையை நிறுத்துதல் பெருந்தீங்கு. அடங்கிய அணுக்கள் மீண்டும் பெருகக்கூடும். நம்மவர் இல்லங்களில் இம்மருந்து உண்போர் இருப்பின், நாள்தோறும் நினைவூட்டுவது உடனிருப்போர் கடமையாகும்.