யூதர்களின் வேதத்தைத் தமிழில் அலசிய நல்லூர்க்காரர் யார் தெரியுமா?

யூதர்களின் வேதநூலைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, அவர்களுடைய ஆலய விதிகளையும் பண்டிகைகளையும் கரைத்துக் குடித்த ஒரு தமிழர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவர் என்பது தெரியுமா? அவர் வேறு யாருமல்லர், நல்லூர் ஆறுமுக நாவலர்!

ஒருவருக்கொருவர் ஆசிரியர்

1822இல் நல்லூரில் பிறந்த நாவலர், யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் ஆங்கிலப் பள்ளியில் படித்தார். இன்றைய மத்திய கல்லூரி அதுதான். படித்த பள்ளியிலேயே இளம் வயதில் ஆசிரியரும் ஆனார். அந்தப் பள்ளியை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்க முனைந்தபோது துணைக்கு அழைத்தது யாரைத் தெரியுமா? தம்மிடம் படித்த அந்தச் சைவ இளைஞரைத்தான்! 1840களில் ஆண்டுக்கணக்காக இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஆங்கிலத்தில் பாதிரியார் ஆசிரியர். தமிழில் நாவலர் பண்டிதர். அவர்களுடைய மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது.

39 நூல்களா, 24 நூல்களா?

புரட்டஸ்தாந்தக் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பதும் யூதர்கள் தங்கள் வேதம் என்பதும் உள்ளடக்கத்தில் ஒன்றே என்பது தெரியுமா? புரட்டஸ்தாந்தர் அதை 39 நூல்களாகப் பகுக்கிறார்கள். யூதர் 24 ஆக எண்ணுகிறார்கள். அதில் லேவியராகமம் 23ஆம் அதிகாரம் ஒன்றே ஒரு பண்டிகைப் பஞ்சாங்கம்! வாரந்தோறும் ஓய்வுநாள், பஸ்கா, வாரங்களின் பண்டிகை, எக்காளம் ஊதும் நாள், பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை என்று வரிசையாக வரும். யூத ஆலயம் ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், அத்தனை பண்டிகைகளும் தமிழ் வசனமாக அலசப்பட்டன என்பது எவ்வளவு பெரிய அதிசயம்!

வெள்ளி மாலை வண்ணார்பண்ணையில்

1847 டிசெம்பர் 31 என்ன கிழமை தெரியுமா? வெள்ளி! அன்றுதான் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு அது வெள்ளிதோறும் நடந்தது. யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குவதும் வெள்ளி மாலை பொழுது சாயும்போதுதான்! அவர்களுக்கு நாள் பிறப்பது அந்தியில். வீட்டுப் பெண்கள் விளக்கேற்றி அந்த நாளை வரவேற்பார்கள். வெள்ளி விளக்கின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லவும் வேண்டுமா?

கற்ற நூலே கேடயமானது

1848இல் மிஷன் பள்ளி வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார் நாவலர். 1854இல் வெளிவந்த அவருடைய ‘சைவதூஷண பரிகாரம்’ எதைக் கொண்டு வாதாடியது தெரியுமா? விவிலியத்தைக் கொண்டே! சைவரின் கோயில் வழிபாட்டைப் பாதிரிமார் பழித்தார்கள். உங்கள் வேதத்திலேயே தூபம் இல்லையா, தீபம் இல்லையா, நீராடித் தூய்மை பெறும் விதி இல்லையா என்று அதிகாரம் காட்டிக் கேட்டார் நாவலர். பண்டை யூதர்களின் ஆலயச் சடங்குகளைச் சைவ ஆகம வழிபாட்டோடு ஒப்பிட்டு அவர் எழுதியதைக் கண்டு, விவிலியத்தில் இவருக்கு இத்தனை ஆழமான பயிற்சியா என்று மிஷனரிமாரே வியந்தார்கள்!

அதற்கும் முன்னே ஓர் எபிரேயப் புலமை

நாவலருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, கொழும்பில் 1723இல் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழ்ப் போதகர் எபிரேயமும் கிரேக்கமும் லத்தீனும் கற்றிருந்தார் தெரியுமா? ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்தவர் அவர். அவருடைய புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கம் 1759இல் கொழும்பில் அச்சானது. அவருடைய புலமையைப் பதிவுசெய்த சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டார்க்’ 1859இல் அச்சிடப்பட்டது எங்கே? யாழ்ப்பாணத்திலேதான்!

வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர்

நாவலர் அலசிய வேதத்துக்கு உரிய யூதர்கள் நூல் கற்கும் முறையையும் பார்ப்போமா? தல்மூத் என்ற சட்ட விளக்க நூலை அவர்கள் தனியே படிப்பது குறைவு என்பது தெரியுமா? எதிரெதிரே இருவர் அமர்ந்து, உரக்க வாசித்து, வரிக்கு வரி வாதிட்டுப் படிப்பதை அவர்கள் ‘ஹவ்ருதா’ என்பார்கள். நம் கோயில் மண்டபத்துக் கந்தபுராண படனத்தை எண்ணிப் பாருங்கள்! ஒருவர் செய்யுளை வாசிப்பார்; மற்றவர் பயன் சொல்வார். தல்மூத்தில் மொத்தம் 2,711 தாள்கள். நாளுக்கு ஒரு தாள் என்று உலகெங்கும் ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்கும் வழக்கம் 1923இல் தொடங்கியது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஏழரை ஆண்டு!

24 மறுப்புகளுக்காக அழுத குரு

தன் கருத்தை மறுக்க ஆளில்லையே என்று அழுத ஆசிரியரைத் தெரியுமா? தல்மூத் சொல்லும் கதை இது. ரபி யோகனான் என்ற குருவின் படிப்புத் துணைவர் ரேஷ் லாகிஷ் இறந்துபோனார். தேற்றுவதற்காக வந்த புதியவர், குரு சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடித் தந்து ஆமோதித்தார். யோகனானுக்கோ துக்கம் கூடியது. ரேஷ் லாகிஷ் என்றால் 24 மறுப்புகளை வைத்திருப்பார், 24 விடைகள் பிறந்திருக்கும், பொருளும் விரிந்திருக்கும் என்று புலம்பினாராம்! மறுத்துக் கேட்கும் துணை கிடைத்தால்தான் நூல் திறக்கும். கூட இருந்து மொழிபெயர்த்த பாதிரியாரின் சமயத்துக்கே நாவலர் மறுப்பு எழுத முடிந்ததும், அந்த நூலை அப்படி உள்ளே நுழைந்து கற்றதால்தானே!

பண்ணோடு ஓதும் 13 வயதுப் பிள்ளை

யூதப் பையன் 13 வயதில் சபைமுன் தோரா என்ற வேதச் சுருளை வாசிக்க மாதக்கணக்கில் தனி ஆசிரியரிடம் பாடம் கேட்பான். ஏன் தெரியுமா? கையால் எழுதப்பட்ட அந்தச் சுருளில் உயிர்க்குறியும் இல்லை, இசைக்குறியும் இல்லை! இரண்டையும் ஆசிரியரிடம் பழகி மனத்தில் பதிக்க வேண்டும். ஓதுவாரிடம் இருந்து தேவாரப் பண் பழகும் பிள்ளைக்கு இந்தப் பாடு நன்றாகவே புரியும்!

எழுத்தின் மேல் தேன்

விசயதசமியில் மடியில் இருத்தி, விரல் பிடித்து, அரிசியில் ‘அ’ எழுதுவித்து ஏடு தொடக்குகிறோம். இடைக்கால ஜேர்மனியிலும் பிரான்சிலும் யூத ஆசிரியர்களும் பிள்ளையை மடியில் இருத்தித்தான் எழுத்தறிவித்தார்கள் தெரியுமா? பலகையில் எழுதிய எழுத்துகளின் மேல் தேன் தடவி, பிள்ளையை நக்கச் சொல்வார்களாம்! அதற்கு அவர்கள் தேர்ந்த நாள் வாரங்களின் பண்டிகை.

தனியே இருந்தாலும் கேள்!

பஸ்கா இரவில் வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்டுத்தான், எகிப்திலிருந்து விடுதலையான கதை தொடங்க வேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்பாள். எல்லாம் அறிந்த பண்டிதர் இருவர் இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டே ஆக வேண்டும். யாருமே இல்லையென்றால்? தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது தல்மூத்தின் விதி!

ஆகவே, கற்க விரும்புகிறவர்களே, பெரிய வகுப்பும் கட்டடமும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கந்தபுராணமோ திருக்குறளோ லேவியராகமமோ, ஒரு நூலை எடுங்கள். உங்களோடு உடன்படாத ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். நாவலரும் பேர்சிவலும் சேர்ந்து உழைத்த மண்ணில் இதற்கு வேறென்ன வேண்டும்!