ஸ்திரிக்கைப் பெட்டியும் சீவனமும்

கைத்தொழில் என்று சொன்னவுடனே நம்மவர் நினைவுக்கு வருவன தறியும், தையற்பொறியும், பனையோலைப் பெட்டியுமே. உழைப்பாளரை இழந்த குடும்பமொன்றிற்கு வழிகாட்ட முற்படுவோர் முதலிற் கூறுவதும், "அந்தப் பிள்ளைக்கு ஒரு தையற்பொறி வாங்கிக் கொடுங்கள்" என்பதே. நல்ல யோசனைதான். ஆயினும் ஒரே ஒழுங்கையில் நான்கு தையற்பொறிகள் ஓடத் தொடங்கினால், நான்கிற்கும் துணி எங்கிருந்து வரும்? ஒரு சட்டை தைக்கப்படுவது ஒரு முறை. அது தோய்த்து உலர்த்தி மடிப்புப் போடப்படுவதோ வாரந்தோறும். இந்தச் சிறு கணக்கைச் சிந்தித்துப் பார்ப்போர்க்கு, வீட்டிலிருந்தே ஸ்திரிக்கை போட்டுக் கொடுக்கும் தொழில் ஏன் நம்மிடையே இத்துணைக் குறைவாக இருக்கிறது என்ற கேள்வி எழாமற் போகாது.

துணியை வெளுத்து விறைப்பாக்கும் கலை நமக்குப் புதிதன்று. குறுந்தொகையிலும் நற்றிணையிலும், ஆடைக்குக் கஞ்சிப் பசையிட்டு வெளுக்கும் புலைத்தியைப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். சூடேற்றிய இரும்பினால் மடிப்பை நீக்குவதற்கு நாம் வழங்கும் சொல்லோ கடல் கடந்து வந்தது. இஸ்திரி என்பது போர்த்துக்கேயர் தந்த சொல் என்பார் ஒரு சாரார். ஸ்திரிக்கை என்பது ஒல்லாந்தரின் சொல்வழி வந்தது என்பார் மறு சாரார். எவர் தந்திருப்பினும், சிரட்டைக்கரியைக் கனலாக்கி வயிற்றில் இட்டு, சேவல் உருவக் கொளுக்கியால் மூடியைப் பூட்டிய அந்தக் கனத்த பெட்டி, நெடுங்காலம் இலங்கை வீடுகளில் இருந்தது. மின்சாரத்தால் சூடேறும் பெட்டிக்கு அமெரிக்கரான ஹென்றி சீலி என்பவர் 1882ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார் எனினும், நம் கிராமங்களுக்கு மின்கம்பி வந்து சேரும்வரை கரிப்பெட்டியே ஆட்சி செய்தது.

அப்படியிருக்க, இத்தொழிலை மேற்கொள்ளப் பலர் கூசுவதேன்? காரணத்தை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையில் ஊரார் துணியை வெளுப்பது ஒரு குலத்தின் கடமை என விதிக்கப்பட்டிருந்தது. நன்மையிலும் தீமையிலும் வெள்ளை கட்டவும், நிலபாவாடை விரிக்கவும், மாற்றுடை கொடுக்கவும் அவர்கள் இன்றியமையாதவர்கள். ஆனால் அவர்தம் உழைப்பிற்கு விலை கூறும் உரிமை அவர்களிடம் இருந்ததில்லை. அறுவடைக் காலத்தில் வீட்டுக்காரர் அளந்து கொடுக்கும் நெல்லே கூலி. சாதியின் பெயரால் ஒருவர்க்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டு நிறைவேறியது. சட்டம் வந்தபின்னும் மனத்தில் உள்ள கறை இலகுவில் வெளுக்கவில்லை. "பிறருடைய துணியை நாங்கள் மினுக்குவதா?" என்று ஒருவர் கேட்கும்போது, அவர் வெறுப்பது வேலையை அன்று, அவ்வேலையோடு நாம் சேர்த்துக் கட்டிவைத்த இழிவை. ஆகவே இத்தொழிலைத் தொடங்கும் ஒருவர் ஒரு வருமானத்தை மட்டும் தேடிக்கொள்ளவில்லை; பழைய அநீதியொன்றின் முடிச்சையும் அவிழ்க்கிறார்.

இதற்கு வேண்டிய முதல் மிகவும் சிறிது. நல்ல பெட்டி ஒன்று, இடுப்பளவு உயரமுள்ள உறுதியான மேசை, அதன்மேல் விரிக்கக் கம்பளியும் வெள்ளைப் பருத்தித் துணியும், நீர் தெளிக்கும் போத்தல், தூக்கி மாட்டச் சட்டைக்கொழுவிகள், ஒரு கணக்குக் கொப்பி: இவ்வளவே. கடன் வாங்காமற் தொடங்கலாம் என்பதைச் சிறிய நன்மையாகக் கருதவேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதிக் கடன் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே 2018ஆம் ஆண்டில் முன்வர நேர்ந்தது. வாரத் தவணைக்காரர் படலையில் வந்து நிற்காத ஒரு தொழில், சிறு வருமானம் தந்தாலும் பெருந் தொழிலே.

இனி, வேலையின் நுட்பத்தைப் பார்ப்போம். பருத்தி நூலின் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புக்களால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. கசங்கிய நிலையில் உலர்ந்தால் அப்பிணைப்பும் கசங்கிய வடிவிலேயே நிலைத்துவிடும். ஈரமும் சூடும் சேர்ந்து அதனைத் தளர்த்த, பெட்டியின் பாரம் துணியைச் சமன்படுத்துகிறது; ஆறும்போது புதிய வடிவம் நிலைக்கிறது. பருத்தியைச் சற்று ஈரமாயிருக்கும்போதே அழுத்தவேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதன் விஞ்ஞானம் இதுவே. சூடு ஆறுமுன் துணியை மடித்து அடுக்கினால், அடுக்கிய இடமெல்லாம் புதுச் சுருக்கம் விழும். சிறிது நேரம் தூக்கி விட்டபின்பே மடித்தல் வேண்டும்.

உடுப்பின் உட்புறச் சீட்டில் பெட்டியின் படமும் அதற்குள் புள்ளிகளும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு புள்ளியாயின் 110 பாகை செல்சியசுக்கு மேற் சூடு ஆகாது, இரு புள்ளிகளாயின் 150, மூன்றாயின் 200. நைலோன் முதலிய செயற்கை இழைகள் முதல் வகை; பட்டும் கம்பளியும் நடுவகை; பருத்தியும் லினனும் மூன்றாம் வகை. பெட்டி விரைவிற் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆகையால் அன்றைய துணிகளை முதலில் வகைபிரித்து, இளஞ்சூடு வேண்டியவற்றை முன்னரும் பருத்தியைப் பின்னரும் எடுப்பவர்க்கு நேரமும் மிச்சம், துணி கருகும் பயமும் குறைவு. சரிகைச் சேலையை மறுபுறம் திருப்பி, மேலே மெல்லிய துணி விரித்து அழுத்துவது உத்தமம். சட்டையாயின் கழுத்துப்பட்டி, தோட்பட்டி, மணிக்கட்டு, கை, முன், பின் என்ற ஒழுங்கிற் செல்லுதல் நலம். சிறிய பகுதிகளை முதலில் முடித்தால், விரிந்த பகுதிகள் மீண்டும் கசங்கமாட்டா.

நீராவிப் பெட்டி வாங்க எண்ணுவோர் தம் ஊர்க் கிணற்றை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதனூடே ஊறிவரும் நீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெண்மையாய்ப் படியும் அதே படிவு, பெட்டியின் நுண்துளைகளையும் அடைத்து, ஒருநாள் வெள்ளைச் சீருடை மீது கறையாய்த் தெறிக்கும். கொதிக்கவைத்து ஆற்றித் தெளியவிட்டால் வன்மையின் ஒரு பகுதி நீங்கும். எந்நீர் உகந்தது என்பதைப் பெட்டியோடு வரும் குறிப்பிற் பார்த்து நடத்தல் நன்று. பாரமான சாதாரணப் பெட்டியும் தெளிபோத்தலும் கொண்டே தொடங்குவோர்க்கு இக்கவலை இல்லை.

மின்கட்டணம் அடுத்த கவலை. 1000 உவாற்றுப் பெட்டி ஒரு மணி நேரம் இடையறாது சூடேறினால் ஓர் அலகு செலவாகும். வெப்பச் சீராக்கி இடையிடையே மின்னை நிறுத்துவதால் உண்மைச் செலவு அதனிலும் குறையும். நாளுக்கு மூன்று மணி வீதம் மாதம் 26 நாள் வேலை செய்தால், 78 மணி. மேல்வரம்பாக 78 அலகு. இலங்கையில் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் மிக உயர்ந்ததை எவரும் மறந்திரார். பாவனை கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாய் ஏறும் முறையில், வீட்டுப் பாவனையோடு தொழிற்பாவனையும் சேர்ந்தால் முழுப் பட்டியலுமே மேற்படிக்குத் தாவிவிடும். ஆகவே சராசரி விலையைக் கொண்டு கணக்கிடலாகாது. தொழில் தொடங்குமுன் வந்த பட்டியலுக்கும் தொடங்கியபின் வரும் பட்டியலுக்கும் உள்ள வித்தியாசமே தொழிலின் மின்செலவு. அதனை மாதத்தில் முடித்த துணிகளின் தொகையால் வகுத்தால், ஒரு துணிக்கு எவ்வளவு என்பது வெளிச்சமாகும். இதைச் செய்யாதவர், உழைத்துக்கொண்டே நட்டப்படுவார்.

நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற 2022 மார்ச் மாதக் கடைசியை எண்ணினால், பரணிற் கிடக்கும் கரிப்பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்கு விற்கவும் மனம் வராது. தமிழகத்துத் தெருக்களில் கரிப்பெட்டி வண்டிகள் நிறைய உண்டு. அக்கரியின் புகையையும் மரச்செலவையும் கண்டு, திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியால் இயங்கும் ஸ்திரிக்கை வண்டியொன்றை வடிவமைத்து, 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மகாநாட்டிலும் உரையாற்றினார். எளிய தொழிலென்று நாம் கடந்து செல்வதிலும், ஒரு பள்ளிப் பிள்ளையின் சிந்தனைக்கு எத்துணை இடமிருந்தது!

பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். பெட்டியை 13 அம்பியர் செருகியிலேயே மாட்டவேண்டும். விளக்குக் கம்பியிலிருந்து இழுத்த இணைப்பு தீயை வரவழைக்கும். புவித்தொடுப்பு உண்டா என மின்தொழிலாளரிடம் காட்டி அறிதல் முதற் செலவாயிருக்கட்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்றல் ஆகாது. மேசை தாழ்ந்திருந்தால் முதுகு நோகும். மணிக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் கால் நரம்பு புடைக்கும். இடையிடையே இருந்தெழும்புவது சோம்பலன்று, தொழிலை நீடிக்கச் செய்யும் வழி.

வாடிக்கையாளர் யார்? நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை வெள்ளை. ஆசிரியைமார் உடுப்பது சேலை. ஞாயிறு பின்னேரம் வீடுதோறும் சீருடைகள் குவிவதே இத்தொழிலின் அறுவடைக் காலம். கந்தோருக்குப் போகும் தம்பதிகள், தனித்து வாழும் முதியோர், கோயிற் திருவிழாவுக்கு வேட்டி மடிப்போர், கலியாண வீட்டார் என்று வட்டம் விரியும். பத்து வீடுகள் ஒழுங்காய்த் தந்தால் போதும். தொடங்குமுன் பிரதேச சபையில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்வது பின்னர் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

ஆனால் அந்தப் பத்து வீடுகளைக் காப்பாற்றுவது மடிப்பின் அழகு மட்டுமன்று, சொன்ன சொல். பெரியபுராணத்துத் திருக்குறிப்புத் தொண்டரை நினைத்துப் பாருங்கள். காஞ்சியில் அடியார் துணி வெளுத்து வந்தவர் அவர். முதியவராய் வந்த இறைவன் தந்த கந்தையை மாலைக்குள் உலர்த்தித் தருவதாக ஒப்புக்கொண்டார். மழை விடவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று துணி தோய்க்கும் கல்லில் தலையை மோதினார். அப்போது தடுத்தது இறைவன் கை. அறுபத்து மூவரில் ஒருவராய் அவரை உயர்த்தியது குலமுமன்று, கல்வியுமன்று. கொடுத்த வாக்கைப் பெரிதாய் எண்ணிய மனம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சீருடை வேண்டும் என்றால், ஏழு மணிக்கு அது கிடைத்தல் வேண்டும். முடியாதென்று தோன்றினால் வாங்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை.

துணியை ஏற்கும்போது, கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே எண்ணி, சட்டைப்பையைத் துழாவி, முன்பே உள்ள கறையையும் கிழிசலையும் காட்டிக் கொப்பியில் எழுதிக்கொள்ளல் வேண்டும். முற்காலத்துச் சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியிட்டனர். இன்று இலக்கமிட்ட சீட்டொன்றை ஊசியாற் குத்தினாற் போதும். துணி கருகினால் ஈடு என்ன என்பதையும் முற்கூட்டியே பேசிவைத்தால், அயலுறவு கெடாது. உறவினரென்று ஒருவர்க்கு இலவசமும் மற்றவர்க்கு விலையுமாய் நடத்தினால் இரண்டு பக்கமும் மனத்தாங்கலே மிஞ்சும்.

எல்லாவற்றிலும் மேலாக, விலையை எழுதி வாசலில் தூக்கிவிடுதல் வேண்டும். சட்டைக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு, வேட்டிக்கு இவ்வளவு என்று தம் கையெழுத்தால் எழுதவேண்டும். பார்வைக்கு அஃது ஒரு சிறு பலகைதான். ஆயினும், பிறர் மனமிரங்கி அளந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு தலைகுனிந்து நின்ற தலைமுறைகளுக்குக் கிடையாத ஓர் உரிமை அப்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. தன் உழைப்பின் பெறுமதியைத் தானே சொல்லும் உரிமை அது. அந்தப் பலகையைக் கண்டு பேரம் பேச வாயெடுக்கும் அயலவர், பேசாமற் காசை எண்ணிக் கொடுத்துத் துணியை வாங்கிச் செல்வாரேயானால், அவரும் தம் பங்கிற்கு ஒரு பழைய சுருக்கத்தை நீக்கியவராவார்.