வீட்டுக்குப் பின்னால் ‘பார்’ மேடை: கல் வாங்கும் முன் யாரை அளக்கணும்?

சனிக்கிழமை மாலை ஏழு மணி. வீட்டின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய வெளிக் கிச்சன். நண்பர்கள் நாலு பேர் உயரமான ஸ்டூல்களில் ஏறி உட்கார்ந்து, கல்லில் வேகும் தோசைக்குக் காத்திருக்கிறார்கள். போட்டோவுக்கு அருமையான காட்சி. ஆனால் கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் தெரியும்: அப்பா தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தட்டை மடியில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். “எனக்கு அதுல ஏற முடியாதுப்பா, நீங்க சாப்பிடுங்க.”

இவ்வளவு செலவு செய்து கட்டிய மேடையில் வீட்டுக்காரருக்கே இடமில்லை. தப்பு கல்லிலும் இல்லை, கொத்தனாரிடமும் இல்லை. யாரும் யோசிக்காமல் விட்ட ஆறு இன்ச்சில் இருக்கிறது.

பார் ஏன் அவ்வளவு உயரம்?

பார் கவுண்டர் உயரமாக இருப்பது ஸ்டைலுக்காக மட்டும் அல்ல. எதிரே பரிமாறுபவர் நின்றுகொண்டிருக்கிறார். உட்கார்ந்திருப்பவரின் கண், அவர் கண்ணுக்கு நேராக வரவேண்டும். அதற்குத்தான் அந்த உயரம். நம் வீட்டிலும் தேவை அதேதான். சமைப்பவர் உள்ளே தனியாக நின்று, கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிடும் பழக்கத்தை மாற்ற இந்த மேடை நல்ல வழி. அவர் சுடச்சுட ஊற்ற, எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

மேடை உயரத்தில் மூன்று வகை உண்டு. 42 இன்ச் பார் உயரம். இதற்கு 30 முதல் 32 இன்ச் ஸ்டூல் வேண்டும். 36 இன்ச் கவுண்டர் உயரம். இதற்கு 24 முதல் 26 இன்ச் ஸ்டூல். 30 இன்ச் என்பது டைனிங் டேபிள் உயரம். வீட்டில் இருக்கும் 18 இன்ச் நாற்காலியே போதும். மூன்றுக்கும் ஒரே கணக்குதான்: இருக்கைக்கும் மேடையின் மேற்பரப்புக்கும் நடுவே 10 முதல் 12 இன்ச் இடைவெளி. ஆன்லைனில் ஸ்டூல் ஆர்டர் போட்டபிறகு மேடை கட்டுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

திண்ணை தரும் தீர்வு

30 இன்ச் வைத்தால் பெரியவர்களுக்கு வசதி. சமைப்பவருக்கு இடுப்பு போய்விடும். 42 வைத்தால் முட்டிவலிக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே எளிய வழி ஒன்று உண்டு. மேடையை 36 இன்ச் வையுங்கள். உட்காரும் பக்கத்துத் தரையை மட்டும், திண்ணை மாதிரி, 6 இன்ச் உயர்த்துங்கள். சமைப்பவருக்கு அது 36, உட்காருபவருக்கு 30. சாதாரண நாற்காலியிலேயே உட்காரலாம், பேசுபவர் முகமும் அண்ணாந்து பார்க்காமலே தெரியும்.

‘சமைக்கிற பக்கத்தைப் பள்ளமாக்கினால் என்ன?’ என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கும் என்பது ஒன்று. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் போய்த் தங்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்தாலும், தரையை ஒட்டிக் காற்றுப் போக வழி இருக்கட்டும்.

உயர்த்திய தரை குறுகலாக இருந்தால் நாற்காலியைப் பின்னே தள்ளும்போது கால் விளிம்பிலிருந்து இறங்கிவிடும். அதனால் விளிம்பில் ஒரு சின்னத் தடுப்போ கைப்பிடியோ வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் இருந்தால் சரிவுப் பாதை அவசியம்: ஒரு இன்ச் உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு இன்ச்சுக்கு ஆறடி. மேடையின் அடிப்பக்கமும் அவர் முட்டிக்கு மேல், தரையிலிருந்து 27 இன்ச்சாவது இருக்கணும்.

எத்தனை பேர், எவ்வளவு இடம்?

ஓர் ஆளுக்கு 24 இன்ச். நாலு பேருக்கு எட்டடி. கை வைத்த நாற்காலி என்றால் 28 முதல் 30. முதுகுக்குப் பின்னால் ஆள் ஒதுங்கிப் போக 36 இன்ச். தட்டோடு தாராளமாக நடக்க 44.

அடுத்தது முட்டிக்கான இடம். இருக்கை தாழத் தாழ கால் முன்னால் நீளும். அதனால் 42 இன்ச் மேடை 12 இன்ச் வெளியே நீண்டால் போதும், 36-க்கு 15, 30-க்கு 18. ஆனால் 20 மி.மீ. கிரானைட்டை ஆறு இன்ச்சுக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீட்டினால், ஒருநாள் யாராவது சாயும்போது உடையும். அடியில் கான்கிரீட் சிலாப்போ இரும்பு பிராக்கெட்டோ கொடுங்கள். சிலாப் என்றால், நீளும் பகுதியில் முக்கியக் கம்பி மேல்பக்கமாக வரவேண்டும் என்பதைக் கான்கிரீட் போடும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். போட்டபிறகு சொல்லிப் பயனில்லை.

கல்லைப் பொறுத்தவரை, கறுப்பு கிரானைட் வெயிலில் கொதிக்கும். வெளிர் நிறம் நல்லது. கடப்பா கல் விலை குறைவு, ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்டால் மங்கிவிடும்.

புகை எந்தப் பக்கம்?

அடுப்பை இருக்கைக்கு நேர் எதிரே வைக்காமல், இரண்டடியாவது பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். எண்ணெய் தெறிக்காது. உட்காருபவர் காற்று வரும் பக்கமும், அடுப்பு காற்று போகும் பக்கமும் இருக்கணும். சென்னையில் கோடை மாலைகளில் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். அப்படியானால் அடுப்பு மேற்கே. எதிர்வெயில் முகத்தில் அடிக்கும் என்பதால் மேற்கில் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். கோவையில் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வீசும். அங்கே அடுப்பு கிழக்கே.

வடகிழக்குப் பருவமழையை நினைத்து, கூரை இருக்கைகளையும் தாண்டி நீளட்டும். வெளி விளக்குகள் ஐபி65 தரத்தில் இருக்கட்டும். மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

கொத்தனாரை அழைக்கும் முன்...

செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகை போடுங்கள். நினைத்த உயரம் வரும்வரை ஏற்றி இறக்குங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, அங்கேயே ஒருவேளை இட்லி சாப்பிட்டுப் பாருங்கள். முதலில் அப்பாவையோ பாட்டியையோ உட்காரச் சொல்லுங்கள். கால் தரையில் படுகிறதா, கையூன்றாமல் எழ முடிகிறதா என்று கவனியுங்கள். அவர்களுக்குச் சரியாக இருந்தால் மற்ற எல்லோருக்கும் சரியாகவே இருக்கும்.