மூன்றாவது சிலிண்டருக்கு என்ன ஆயிற்று?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு மார்கழி மாதம், விடிவதற்கு வெகு நேரம் முன்பே, சின்ன வெங்காய மூட்டைகளுடன் கிளம்பிய பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி ஒன்றில் நானும் ஏறிக்கொண்டேன். முன்புறம் ஜீப், பின்புறம் திறந்த தொட்டி. சமதரையில் நன்றாக ஓடிய வண்டி, சிறு மேடு வந்ததும் 'டுப்... டுப்...' என்று திக்கியது. மூட்டைகளோடு நாங்களும் குலுங்கினோம்.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க. பத்து நாளா இப்படித்தான். காலையில திக்கும், வெயில் ஏறினா சரியாயிடும். என்ஜினை இறக்கி வேலை பார்க்கணுங்கிறாங்க. வெங்காயம் வித்த காசு பூரா அதுக்கே போயிடும்" என்றார் வண்டியை ஓட்டிய விவசாயி.

வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!

அந்த என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும், அமுக்கும். பிளக்கில் ஒரு பொறி பாயும். கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிறகு புகை வெளியேறும். இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி. என்ஜின் நிமிடத்துக்கு 600 முறை மெல்லச் சுழலும்போதே நான்கு சிலிண்டருக்குமாக 1,200 பொறிகள் வேண்டும். ஒரு சிலிண்டரில் கலவை எரியத் தவறினால் மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறோம்.

பாட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். பொறி பாய்வதற்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவை. இந்த மாயத்தைச் செய்வது காயில். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றைவிட மற்றதில் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள். முதல் சுருளில் ஓடும் மின்சாரத்தைப் பாயிண்ட் என்னும் சிறு சாவி சட்டென்று துண்டிக்கும்போது காந்தப்புலம் சரிந்து, இரண்டாவது சுருளில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் பாரடே கண்ட மின்தூண்டல்தான் இது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே சுழலும் ரோட்டார் அதை வாங்கி, 1-3-4-2 என்ற வரிசையில் ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டுத் தருகிறது. கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய இந்த முறை 1910 வாக்கில் கார்களுக்கு வந்தது.

வழியில் ஒரு சிறு பட்டறை. தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்த மெக்கானிக் கருவி எதையும் எடுக்கவில்லை. முதலில் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, உறையிட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றாம் வயரைக் கழற்றியதும் என்ஜின் தளர்ந்தது. இரண்டிலும் நான்கிலும் அதே கதை. மூன்றைக் கழற்றினார். ஒரு மாற்றமும் இல்லை! வேலை செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கு நஷ்டம்?

(இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அந்த வயர்களில் பாய்வது பலமான அதிர்ச்சி தரும் மின்சாரம்.)

மூன்றாவது பிளக்கைக் கழற்றினார். மற்றவை வெளிர் பழுப்பாக இருக்க, இது மட்டும் கறுத்து நனைந்திருந்தது. மோந்து பார்த்துவிட்டு, "பெட்ரோல்தான், ஆயில் இல்லை" என்றார். ஆயிலாக இருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அமுக்கத்தை அளந்தும் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய சமம். என்ஜினை இறக்க வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. விவசாயியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்து மூன்றாவது பிளக்கையும் நான்காவதையும் இடம் மாற்றினார். கோளாறு பிளக்கோடு போகவில்லை, மூன்றிலேயே நின்றது. வயரை மாற்றினார். அப்போதும் மூன்றுதான். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினார் என்பதைக் கவனித்தீர்களா? இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது குற்றவாளி, எது நிரபராதி என்று சொல்ல முடியாது.

"லைட்டை அணைங்க" என்றார்.

இருட்டில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மூன்றாவது முனையிலிருந்து நீல நிறத்தில் ஒரு மெல்லிய மின்னல் இரும்பு உடலை நோக்கி நெளிந்து ஓடியது! மூடியைக் கழற்றிப் பார்த்தோம். மயிரிழை விரிசல், அதை ஒட்டிப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கரிக்கோடு.

வயலில் மடையை அடைத்தால் தண்ணீர் ஏறும்; கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடைப்பெடுக்கும். மின்சாரமும் அப்படித்தான். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை அதிகம் நுழைகிறது, அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வோல்ட்டும் கூடுதலாக வேண்டும். அந்த வோல்ட் எழும்பும் முன்பே விரிசல் வழியாக மின்சாரம் நழுவிவிட்டது. பிளக்கை வெளியே வைத்துப் பார்த்துவிட்டு "பொறி நன்றாக வருகிறதே" என்று பலர் ஏமாறுவதும் இதனால்தான். திறந்த காற்றில் தாண்டும் பொறி, அமுக்கப்பட்ட கலவையில் தாண்டாமல் போகலாம்.

காலையில் மட்டும் ஏன்? விரிசலில் படிந்திருந்தது வெள்ளைத் தூசி. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் சாலை இது. காய்ந்திருக்கும்வரை அந்தத் தூசி மின்சாரத்தைக் கடத்தாது. பனியில் நனைந்தால் கடத்தும். வெயில் வந்து காய்ந்ததும் கோளாறு ஒளிந்துகொண்டது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. அதில் சிப்பி ஓடுகளை இன்றும் காணலாம். வண்டியை நிறுத்தியதில் அந்தச் சிப்பிகளுக்கும் பங்கு இருந்தது!

மூடியைத் துடைத்து உலர்த்தி, கரிக்கோட்டைப் பிளேடால் சுரண்டினார். பாயிண்டின் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கும், பிளக்கினுடையதை முக்கால் மில்லிமீட்டருக்கும் சரி செய்தார். "இது தற்காலிகம். ஊர் போனதும் புது மூடி வாங்கிப் போடுங்க" என்றார். என்ஜினை இறக்கும் செலவு எங்கே, ஒரு மூடியின் விலை எங்கே!

இன்று இந்தச் சாலையில் ஓடும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசல். அவற்றில் பொறியே கிடையாது. மிஸ்ஸிங் வந்தால் எரிபொருள் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா, இன்ஜெக்டர் அடைத்திருக்கிறதா என்று தேடுவார்கள். புதிய பெட்ரோல் வண்டிகளில் ஒரு கணிப்பொறி கிராங்க் தண்டின் வேகத்தைச் சதா கவனித்துக்கொண்டிருக்கிறது. ஒரு சிலிண்டர் தவறினால் சுழற்சி கண நேரம் தளரும். உடனே 'பி0303' போன்ற குறியீட்டைப் பதிவு செய்யும். கடைசி எண் 3 என்றால் மூன்றாவது சிலிண்டர். மெக்கானிக் காதால் கேட்டதும் அதே தளர்ச்சியைத்தான்.

பட்டறையிலிருந்து அரியலூர் சேர எங்களுக்கு 40 நிமிடம் ஆயிற்று. என்ஜின் சராசரியாக நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றது என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது சிலிண்டரில் மட்டும் எத்தனை பொறிகள் பாய்ந்திருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.