கடன் கொப்பி முதல் கிளினிக் கொப்பி வரை: எழுதி வைக்கும் பழக்கம் எம்மைக் காப்பாற்றும்

ஜனாஸா தொழுகைக்கு முன்னர் மரணித்தவரின் மூத்த மகன் எழுந்து நின்று, "வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களோடு தொடர்புகொள்ளுங்கள்" என்று அறிவிப்பது எமது ஊர்களில் வழமையாகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திலும் அவ்வாறுதான் அறிவித்தார்கள். நான்காம் நாள் ஒருவர் வந்தார். வாப்பாவின் நீண்டகால நண்பர். இரண்டு இலட்சம் ரூபா கொடுத்ததாகச் சொன்னார். உள்ளே இத்தாவில் இருந்த உம்மா, அதில் பாதியை வாப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றார். இருவரும் பொய் சொல்லக்கூடியவர்கள் அல்லர். ஆனால் இருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி கூட இருக்கவில்லை.

மகன் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார். அதன்பின் இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் பேச்சுவார்த்தை இல்லை. வாப்பாவுக்குத் தர வேண்டியவர்களும் ஊரில் சிலர் இருந்திருக்கலாம். அவர்களில் எவரும் வரவில்லை. யாரிடம் கேட்பது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது.

இப்படியான கதை இல்லாத ஊர் இல்லை. ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விடயங்கள், பல வருட உறவுகளை முறித்துவிடுகின்றன.

"நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு?" என்று எம்மில் பலர் கேட்கிறோம். எழுதச் சொன்னால் மற்றவர் மனம் நோகுமே என்று தயங்குகிறோம். ஆனால் அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியதே என்பதை நாம் அறிவோம். சூரா பகராவின் 282ஆவது வசனம் அது. சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் தவணையோடு எழுதுவதில் சோர்வடைய வேண்டாம் என்று அது அறிவுறுத்துகிறது. என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் கடன் பெற்றவர் என்பது அதிலுள்ள ஒரு நுட்பம். பொறுப்பை ஏற்பவரின் வாயிலிருந்தே வாசகம் வருவதால், பின்னர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பதற்கு இடமில்லாமல் போகிறது.

நாட்டின் சட்டமும் எழுத்துக்குத் தனி மதிப்புக் கொடுக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தின் கீழ், எழுத்து மூலமான உடன்படிக்கை ஒன்றின் மீது வழக்குத் தொடர 6 வருட அவகாசம் உண்டு. வாய்மூல உடன்படிக்கைக்கு அந்த அவகாசம் 3 வருடங்கள் மாத்திரமே. கடையில் கடனுக்குக் கொடுத்த பொருட்களுக்கு ஒரு வருடம்தான். காணி விற்பனை என்றால் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். "தம்பிக்கு அந்தத் துண்டை வாயால் கொடுத்தேன்" என்பது நீதிமன்றத்தில் உறுதியாகாது.

எமது ஞாபகம் எவ்வளவு பலவீனமானது என்பதை ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அர்த்தமற்ற அசைகளை மனனமிட்டுத் தன்னைத்தானே அவர் சோதித்துப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்திற்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் மறந்து போயிருந்தன. அர்த்தமுள்ள விடயங்கள் இதைவிடக் கூடுதலாக நினைவில் நிற்கும் என்பது உண்மைதான். எனினும் தொகை, திகதி, தவணை போன்ற எண்கள் அந்த அசைகளைப் போன்றவையே. மேலும், மறந்த இடத்தை மனம் வெறுமையாக விடுவதில்லை. தனக்குச் சாதகமான ஒன்றை வைத்து நிரப்பிவிடுகிறது. அதனால்தான் நல்ல மனிதர்கள் இருவர் நேரெதிரான இரண்டு கணக்குகளை உண்மையென நம்பிச் சொல்கிறார்கள்.

பணத்துக்கு அடுத்தது உடல்நலம். சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத வீடு இன்று அரிது. அரச வைத்தியசாலையில் காலை முழுவதும் வரிசையில் இருந்து, வைத்தியரைக் காண்பது சில நிமிடங்கள்தான். "எப்போது தலைசுற்றியது? எந்த மருந்தை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால், "போன கிழமையாக இருக்கும், வெள்ளைக் குளிசை ஒன்று" என்கிறோம். குளிசைகளில் பெரும்பாலானவை வெள்ளைதான். பதிலாக, வீட்டில் பார்த்த பிரஷர் அளவு, சாப்பாட்டுக்கு முன் பார்த்த சீனியின் அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் ஆகியவற்றைத் திகதியோடு எழுதி கிளினிக் கொப்பியுடன் வைத்திருந்தால், அந்தச் சில நிமிடங்கள் பயனுள்ளவையாக மாறும். வயதான பெற்றோரை மாறி மாறி அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். போன முறை போனவருக்குத் தெரிந்தது இம்முறை போகிறவருக்கும் தெரிய வேண்டுமல்லவா?

மூன்றாவது, மனப்பாரம். இரவில் படுத்த பின்னர்தான் நாளைய வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 இளைஞர் யுவதிகளை வைத்து நடாத்திய ஆய்வொன்று 2018இல் வெளியானது. உறங்கப் போகுமுன் 5 நிமிடங்கள், ஒரு சாரார் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும் மறுசாரார் செய்து முடித்த வேலைகளையும் எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடங்கள் முன்னதாக உறங்கினர். சிறிய ஆய்வுதான். ஆனால் எவரும் இன்றிரவே தம் வீட்டில் செய்து பார்க்கக்கூடியது. கடதாசியில் இறக்கி வைத்ததை மனம் தொடர்ந்து சுமக்க வேண்டியதில்லை.

நான்காவதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். அன்று நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். எந்த வீதியில் யார் வீடு இருந்தது, கிணற்றடி எல்லை எது, எந்தப் பாதையால் நடந்தார்கள், யார் தண்ணீர் தந்தார்கள் என்பதெல்லாம் அவர்களின் நெஞ்சில் மாத்திரமே இருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் ஒரு பகுதி மையவாடிக்குப் போகிறது. வடக்குக்கு மட்டும் உரிய நிலைமையும் அல்ல இது. சுனாமிக்கு முந்திய கிழக்கின் கரையோர ஊர்களும் இன்று முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு எழுத முடியாவிட்டால், பேரப்பிள்ளை கேட்டு எழுதட்டும். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து பின்னர் எழுதலாம்.

இதற்குப் பெரிய ஆயத்தம் தேவையில்லை. ஒரு கொப்பியை எடுத்து நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதற்பகுதியில் கொடுக்கல் வாங்கல்: திகதி, பெயர், தொகை, தவணை, இருவரின் கையொப்பம். திருப்பிக் கொடுத்ததையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். மேற்சொன்ன குடும்பத்தில் சிக்கலை உண்டாக்கியது அந்த வரி இல்லாமைதான். இரண்டாம் பகுதியில் மருந்தும் உடல்நலமும். மூன்றாவதில் நாளைய வேலைகள். நான்காவதில், கிழமைக்கு ஒரு பக்கம், நீங்கள் கண்டதும் கேட்டதும்.

தொலைபேசியில் எழுதினாலும் தவறில்லை. ஆனால் தொலைபேசி உடைந்தால், தொலைந்தால், அல்லது அதன் கடவுச்சொல் உங்களோடு மண்ணுக்குள் போய்விட்டால், வீட்டாருக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே கடன் விபரங்களையாவது கையால் எழுதுங்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மட்டும் அதில் எழுத வேண்டாம். கொப்பி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்கேனும் சொல்லி வையுங்கள்.

மரணித்தவரின் சொத்தைப் பங்கிட முன்னர் அவரது கடனைத் தீர்க்க வேண்டும் என்பது எமக்குத் தெரிந்த சட்டமே. தீர்ப்பதற்குப் பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். எவ்வளவு, யாருக்கு என்பதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியது எங்கள் பொறுப்பு. இன்றிரவு உறங்கப் போகுமுன், நீங்கள் யாருக்குக் கொடுக்க வேண்டும், உங்களுக்கு யார் தர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எத்தனை விடயங்கள் உங்கள் நினைவில் மட்டும் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.