புருஷார்த்த நிர்ணயத்திற்கு வேண்டும் அவகாசம்

புருஷனால் விரும்பப்படுவது புருஷார்த்தம். ஒருவன் விரும்பியதெல்லாம் அவனுக்கு நன்மையாகிவிடுமா என்ற வினாவுக்கு எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தின் இறுதிப் பகுதியில் விடை அருளிச்செய்கிறார். தன்னை எதுவாக எண்ணுகிறானோ அதற்கேற்பவே ஒருவனுக்கு இன்பம் தோன்றும். சிங்கம், பன்றி, மனிதன் என்று வெவ்வேறு அபிமானம் கொண்டவர்களின் இன்பங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இதுவே காரணம் என்பது அங்குள்ள வாதத்தின் ஸாரம். ஆகவே ‘எது நல்வாழ்வு’ என்று கேட்பவன் அதற்கு முன் ‘நான் யார்’ என்று கேட்டாக வேண்டும். பிள்ளை உலகாசிரியர் அர்த்தபஞ்சகத்தில் ஸ்வஸ்வரூபத்தை முதலில் வைத்து, பரஸ்வரூபத்தைக் கூறி, புருஷார்த்தத்தை மூன்றாவதாகவே வைத்த அடைவும் இதற்கு இசைந்தது.

இவ்விசாரம் ஏட்டளவில் நின்றுவிடாமல் உறைக்கும் இடங்களில் ஒன்று ஓசூர். கருநாடக எல்லையை ஒட்டிய இவ்வூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரியும் இருசக்கர வாகனமும் செய்யும் ஆலைகள் வந்தன. 1980களில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தது. நாட்டுக்கெல்லாம் காலத்தை அளக்கும் கருவி செய்து தரும் ஊரில் தமக்கென்று பொழுதில்லை என்று சொல்லாதார் குறைவு. இரவு ஷிப்டு முடித்து வருபவனுக்கு விடியற்காலை உறங்கும் வேளை. ஸந்த்யைக்கும் திருவாராதனத்திற்கும் விதித்த பொழுதுகள் அவனுக்கு வாரந்தோறும் இடம் மாறுகின்றன. ‘ஓய்வு பெற்ற பின் பார்ப்போம்’ என்று பலர் ஒத்திவைக்கின்றனர்.

இந்த ஒத்திவைப்பை நம் ஸம்ப்ரதாயம் ஏற்பதில்லை; அவஸரத்தையும் ஏற்பதில்லை. சரம ச்லோகத்தின் பொருளைப் பெற ஓராண்டு பணிவிடை வேண்டும் என்றபோது, கூரத்தாழ்வான் ஓராண்டு இவ்வுடல் நிற்கும் என்பது என்ன நிச்சயம் என்று விண்ணப்பிக்க, ஒரு மாத உபவாஸம் அதற்கு ஈடாயிற்று என்று குருபரம்பரையில் காண்கிறோம். காத்திருப்பு குறைந்ததேயன்றி நீங்கவில்லை. மணவாள மாமுனிகள் ஈடு முப்பத்தாறாயிரத்தை ஓராண்டு முழுதும் நடத்தியபோது நம்பெருமாள் தம் உத்ஸவங்களையும் நிறுத்திக் கேட்டருளினார் என்பது அனைவரும் அறிந்ததே. கேட்பவன் ஸர்வஜ்ஞன், அவனுக்கு எதற்கு ஓராண்டு?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் வைணவக் குடியில் பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் பெருவருவாய் தந்த வக்கீல் தொழிலை ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் விட்டார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி அங்கே எளிய குடிலில் வாழ்ந்தார். பின்னர் கவர்னர் ஜெனரல் பதவி வரை கண்டவர், தாம் நாட்டுக்குச் செய்த சிறந்த தொண்டு இராமாயணத்தையும் பாரதத்தையும் தமிழில் எழுதியதே என்று கருதினார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு. ஐச்வர்யத்தின் அல்பத்தன்மையையும் நிலையாமையையும் திருவாய்மொழி நான்காம் பத்தின் தொடக்கத்தில் ஆழ்வார் காட்டுகிறார். அதைப் பதவியில் இருந்து பார்த்த ஒருவரின் மதிப்பீடு என்ற அளவில் இது நமக்கு வேண்டியது.

ஆயினும் ஆலைத் தொழிலாளி ராஜாஜியைப் போல் தொழிலை விட இயலாது. வீட்டுக்கடன் உண்டு, பிள்ளைகளின் படிப்பு உண்டு. அவன் கேட்கக்கூடிய கடினமான கேள்வி வேறு: “பிறருக்கு அடங்கி நடப்பதன் துன்பத்தை நாள்தோறும் அறிகிறேன், சேஷத்வமே இன்பம் என்கிறீர்களே?” இவ்வாக்ஷேபத்தை எம்பெருமானாரே மேற்கூறிய இடத்தில் எழுப்பிக்கொள்கிறார். பாரதந்த்ர்யம் துன்பம் என்ற எண்ணம் தேஹாத்மாபிமானத்தால் வந்தது. தகாதாரைத் தொழுது நிற்பதே இழிவு. ஸ்வரூபத்திற்கு உரிய சேஷியிடம் அடிமை செய்வது இனியது என்பது விடை. இவ்வேறுபாட்டை மேற்பார்வையாளனின் குரலுக்குக் கீழே நின்றவன் நம்மில் பலரைவிட விரைவில் உணர்வான் என்பது என் எண்ணம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இக்காலத்தில் நிதானத்தையே ஒரு ஸாதனமாக்கி, பொறுமையாக வாழ்ந்தால் பேறு தானே வரும் என்பது போலப் பேசுகிறார்கள். அவகாசம் அறிவு பிறப்பதற்கு, உபாயம் எம்பெருமானே. ப்ரபத்திக்கு விஷய நியமம் ஒன்றே உண்டு, தேச காலாதி நியமங்கள் இல்லை என்று ஸ்ரீவசனபூஷணம் அறுதியிடுகிறது. அந்தக் கால நியமம் இல்லாமைக்குள் இரவு ஷிப்டும் அடங்கும்.